ஆபீசர் ஏன் முன்னாடியே திரும்பினார்?

அரிமளம்
5.10.2025, ஞாயிறு

அன்புள்ள வனிதா அக்கா,

நீ என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் பண்ணினாய், சரி. போனிலும் பிளாக் பண்ணினாய், அதுவும் சரி. ஆனால் நான் குடியிருப்பதே அரிமளம் பிளாக்கில். ஏற்கெனவே பிளாக்கில் இருப்பவளை இன்னொரு தடவை பிளாக் பண்ணி என்ன கண்டாய்? தபாலுக்கு அந்தப் பட்டன் கிடையாது. நேற்று போஸ்ட் ஆபீஸில் போய் இன்லண்ட் லெட்டர் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "இந்தக் காலத்துல இதை யாரும்மா வாங்குறா? வேலைக்கு அப்ளிகேஷனா?" "இல்லங்க, மன்னிப்புக்கு." "அப்படின்னா ஒன்னு பத்தாது" என்று இரண்டாகக் கொடுத்தார்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 24ஆம் தேதி, "வாழ்த்துகள், லிஸ்பன் நகரத்தில் நடக்கும் மூளை ஆய்வு மாநாட்டில் பேச உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்று உனக்கு ஒரு மெயில் வந்ததே, அது லிஸ்பனில் இருந்து வரவில்லை. நம் வீட்டு ஆட்டுக்கொட்டகையில் இருந்து வந்தது. அனுப்பியது நான். உனக்கு இது தெரியும். இருந்தாலும் குற்றவாளி தன் வாயால் சொல்ல வேண்டும் என்று சொல்கிறேன்.

ஏன் செய்தேன் என்றால், எல்லாம் இந்த வளையலால் வந்தது. ஆவணியில் செங்கமலம் அண்ணிக்கு வளைகாப்பு நடந்ததில் இருந்து என் தொழில் படுத்துவிட்டது. நாத்தனார்களும் கையில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கமாம். உனக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. கையில் வளையல் ஏறியதும் என் கைவரிசை இறங்கிவிட்டது. அப்பா டீயில் உப்புப் போடப் போனால், அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "சுடரு, அந்த டப்பாவ வையி" என்கிறார். அண்ணன் செருப்பை ஒளிக்கப் போனால் அண்ணன் அங்கேயே நிற்கிறான். ஒரு மாதமாக ஒரு சேட்டை பலிக்கவில்லை. கடைசியில்தான் மெயிலுக்குச் சத்தம் கிடையாதே என்று தோன்றியது.

அரை மணியில் போன் பண்ணி "ஏமாந்தியா!" என்று சொல்லத்தான் இருந்தேன். பிளஸ் ஒன்னுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிட்டார்கள். வெளியே வந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் நீ அப்பாவிடம் சொல்லி, அப்பா டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டார். அப்பா இன்றுவரை அந்தக் கடைப் பக்கம் போகவில்லை அக்கா. டீயை வீட்டில் குடிக்கிறார். உப்புப் போடாத டீ. நான் போடவில்லை.

மன்னித்துவிடு. இந்த வரியில் சிரிப்பு எதுவும் ஒளித்துவைக்கவில்லை.

சுடர்விழி


பெங்களூரு
11.10.2025

சுடர்விழிக்கு,

‘அன்புள்ள’ இல்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

அந்த மெயில் வந்த பத்தாவது நிமிடத்தில் நான் என் புரொபசர் மேடம் அறைக்குள் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து வந்து கைகொடுத்தார். நான்கு வருடத்தில் அவர் எழுந்து நின்று கைகொடுத்தது அதுதான் முதல் தடவை. கீழே போய் மைசூர்பாகு வாங்கி வந்து பதினோரு பேருக்குக் கொடுத்தேன். பிறகு உன் போன். அதே பதினோரு பேரிடமும் போய், "அது என் தங்கையின் விளையாட்டு" என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் நிஜ மெயில் வந்தது. தேர்வாகவில்லை.

நான் இங்கே எதைப் படிக்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. சொல்கிறேன், ஒரு தடவைதான். டோபமின் என்பது மூளை அணுக்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லப் பயன்படுத்தும் ரசாயனங்களில் ஒன்று. நீ பார்க்கும் ரீல்ஸில் சொல்கிற மாதிரி அது இன்ப மருந்து இல்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்கிறது. எதிர்பாராமல் நல்லது நடந்தால் குபீரென்று ஏறும். எதிர்பார்த்தபடியே நடந்தால் அசையாது. எதிர்பார்த்தது நடக்காமல் போனால், வழக்கமான அளவுக்கும் கீழே விழும். அந்தப் பள்ளத்தை நான் எலிகளிடம் அளந்திருக்கிறேன். செப்டம்பர் 24 மாலை என் தலைக்குள்ளேயே அளந்தேன்.

இனி எழுதாதே. எழுதினாலும் பொய் எழுதாதே.

வனிதா


அரிமளம்
15.10.2025

அன்புள்ள அக்கா (நான் போடுவேன்),

"எழுதினாலும்" என்று எழுதியதற்கு நன்றி. பெரிய கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாய். அதன் வழியாகத்தான் வாரேன்.

டோபமின் என்றதும் டோப்பா வைத்த மீன் என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். விலங்கியல் மிஸ்ஸிடம் போய், "மிஸ், எதிர்பார்த்த மார்க் வராம போனா விழுற பள்ளம் எம்மாம் ஆழம்?" என்று கேட்டேன். "ரிசல்ட் அன்னைக்கு நீயே பாத்துக்க" என்றார். நம் ஊரிலும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.

இப்போது ஒரு உண்மை. தீபாவளிக்கு நீ வரவில்லை என்று அம்மா சொன்னார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றார். ஆனால் நறுக்கியது வெங்காயம் இல்லை, கத்தரிக்காய். நீ வராதது என் மேல் உள்ள கோபத்தால் என்றால், நான் அந்த நாலு நாளும் கீரனூரில் அண்ணியின் அம்மா வீட்டில் போய் இருந்துகொள்கிறேன். வளைகாப்பு முடிந்து அண்ணியும் அங்கேதான் இருக்கிறார். நீ வீட்டுக்கு வா. இது சேட்டை இல்லை.

சுடர்

பின்குறிப்பு: தபால்காரர் சிவசாமி அண்ணனின் மொபெட்டில் மட்கார்டு கழன்று தொங்குகிறது. தெருமுனையில் கடகடவென்று கேட்டால் அவர்தான். முன்பெல்லாம் அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை.


பெங்களூரு
23.10.2025

சுடர்,

தீபாவளிக்கு வராததற்கு நீ காரணம் இல்லை. உனக்கு அவ்வளவு செல்வாக்கு கிடையாது. இங்கே என் ஆய்வு கவிழ்ந்து கிடக்கிறது.

யாரிடமாவது புலம்ப வேண்டும்போல் இருக்கிறது. இங்கே எல்லாரும் புலம்பிக் களைத்துவிட்டார்கள். அதனால் உன்னிடம்.

என் சுண்டெலிகளின் மூளைக்குள் ஒரு புரதம் வைத்திருக்கிறோம். டோபமின் பட்டால் அது பச்சையாக ஒளிரும். தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை அந்த வெளிச்சத்தை வெளியே கொண்டுவரும். எலி ஒரு கறுப்புத் திரைக்குப் பின்னால் இருக்கும். நான் இந்தப் பக்கம் மேஜையில். விசையை அழுத்தினால் ‘பீப்’ என்று ஓர் ஒலி. இரண்டு விநாடி கழித்து எலியின் வாய்க்கு ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர். முதல் சில நாள் சர்க்கரைக்குப் பச்சை ஏறும். பழகப் பழக, அந்த ஏற்றம் சர்க்கரையை விட்டுவிட்டு ‘பீப்’புக்கு நகர்ந்துவிடும். சர்க்கரை வரப்போகிறது என்ற சேதியே போதும் அதற்கு. இது எப்படிப் படிப்படியாக நகர்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஜூலை, ஆகஸ்டில் பழைய எலிகளிடம் ஒழுங்காக நகர்ந்தது. செப்டம்பரில் புது எலிகள் எட்டு வந்தன, புது இழை மாட்டினோம். அன்றிலிருந்து பச்சை வெளிச்சம் ‘பீப்’புக்கு அரை விநாடி முன்பே ஏறுகிறது. வராத ஒலிக்கு முன்பே! எலிக்கு ஜோசியம் தெரியுமா? ‘பீப்’ எப்போது வரும் என்று எலிக்குத் தெரிய வழியே இல்லை. தானாக ஒலி எழுப்பும் பெட்டி ஜூலையில் எரிந்துபோனதால், தாறுமாறான இடைவெளிகளை ஒரு காகிதத்தில் எழுதிவைத்து, அதைப் பார்த்துக் கையால்தான் அழுத்துகிறேன். இழையை மாற்றினோம், கணினியை மாற்றினோம், கடிகாரத்தைச் சரிபார்த்தோம். ஐந்து பேர் மூன்று வாரம் உட்கார்ந்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

நவம்பர் 20 என் ஆய்வைச் சோதிக்கும் கமிட்டி கூடுகிறது. காரணம் சொல்லாவிட்டால் இந்த எட்டு எலிகளின் கணக்கும் குப்பை. தலைப்பை மாற்றச் சொல்வார்கள். என் உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. தலைப்பு மாறினால் நீட்டிக்க மாட்டார்கள். நான்கு வருடத்தைச் சுருட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான்.

அப்பாவிடம் சொல்லாதே. ஒரு தடவை டீக்கடையில் தலைகுனிந்தது போதும்.

வனிதா


அரிமளம்
1.11.2025

அன்புள்ள அக்கா,

அப்பாவிடம் சொல்லவில்லை. ஆபீசரிடம் சொன்னேன்.

ஆபீசர் நம் வீட்டுப் புதுக் கிடாக்குட்டி. எந்தப் பேப்பரைக் கொடுத்தாலும் வாங்கி விழுங்கிவிட்டுப் பதிலே சொல்லாது. அதனால் அந்தப் பெயர். உன் கடிதத்தின் உறையை விழுங்கிவிட்டது. கடிதத்தைப் பிடுங்கிவிட்டேன்.

உன்னிடம் எலி இருக்கிறது, என்னிடம் ஆடு இருக்கிறது. கண்ணாடி இழை இல்லை. ஆனால் ஆபீசருக்குக் காது வெளியே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறான் ஆண்டவன். அதனால் இப்படிச் செய்தேன். ஆபீசரைக் கொட்டகையில் அந்தப் பக்கம் பார்க்கக் கட்டிவிட்டு, தென்னங்கீற்றுத் தட்டிக்கு இந்தப் பக்கம் நான் ஒளிந்துகொண்டேன். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு ‘டங்’. இரண்டு எண்ணிவிட்டுத் தட்டிக்குக் கீழே ஒரு துண்டு கடலைப் புண்ணாக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்து தினம் இருபது தடவை. மூன்றாம் நாள் புண்ணாக்கு வருவதற்குள் ‘டங்’குக்கே திரும்ப ஆரம்பித்தது. உன் புத்தகத்தில் உள்ளபடியே! எனக்கு வந்த சந்தோஷத்தில் கரண்டியைத் தூக்கிப் போட்டேன், கிணற்றில் விழுந்துவிட்டது. அம்மா நான்கு வார்த்தை சொன்னார். இரண்டை இங்கே எழுத முடியாது.

விஷயம் அதுவல்ல. ஐந்தாம் நாளில் இருந்து ஆபீசர் ‘டங்’குக்கு முன்பே திரும்புகிறது! நான் அடிப்பதற்கு முன்பே காது விறைக்கிறது, கழுத்து திரும்புகிறது. உன் எலிக்கு வந்த வியாதி என் ஆட்டுக்கும் வந்திருக்கிறது. கிளிக்குத்தான் ஜோசியம் என்று நினைத்தோம். இப்போது எலி ஜோசியம், ஆட்டு ஜோசியம் எல்லாம் வந்துவிட்டது.

இது உனக்கு உதவுமா?

சுடர்


பெங்களூரு
6.11.2025

சுடர்,

உதவாது. ஆடு புண்ணாக்கு வாசனைக்குத் திரும்பும். காற்று அடிக்கும் திசைக்குத் திரும்பும். உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலும் திரும்பும். இதை ஆராய்ச்சி என்று சொல்லாதே.

நேற்று மேடம் புதுத் தலைப்புகள் மூன்றை எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இனி இருபதாம் தேதிவரை எனக்குக் கடிதம் எழுத நேரம் இல்லை. நீயும் படி. கரண்டியை எடுத்தாயா?

வனிதா


அரிமளம்
9.11.2025, ஞாயிறு
(ஸ்பீடு போஸ்ட். நாளைக் காலை போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போடுவேன்)

அக்கா,

நேற்று சாயங்காலம் அம்மா போனில் இருந்து உன்னைக் கூப்பிட்டது நான்தான். "அக்கா, ஒன் கையில இருக்குற வளையல" என்று ஆரம்பித்தேன். "புள்ள பொறக்குறதுக்கு முன்னாடி கழட்ட வச்சு என்னை அம்மாகிட்ட மாட்டிவிடப் பாக்குறியா? போன வைடி" என்று கட் பண்ணிவிட்டாய். உன் மேல் தப்பில்லை. நான் வாயைத் திறந்தாலே நீ பல்லைக் கடிக்கப் பழகியிருக்கிறாய். என் குரல்தான் உனக்கு ‘பீப்’, அதற்குப் பின்னால் ஏமாற்றம் வரும். அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது நான். அதனால் இந்தத் தடவை குரலை நம்பாதே. எண்ணிக்கையை நம்பு.

நடந்ததைச் சொல்கிறேன். நீ சொன்னபடி வாசனைதான் காரணமா என்று பார்த்தேன். புண்ணாக்கை மூன்று பாலிதீன் பைக்குள் கட்டினேன். ஆபீசர் அப்போதும் முன்பே திரும்பியது. காற்றே இல்லாத நேரம் பார்த்தேன். அப்போதும் திரும்பியது. சரி, ஆடாவது, ஆராய்ச்சியாவது, பழைய தொழிலுக்கே போகலாம் என்று, தூங்கும் அண்ணன் காதுக்குப் பக்கத்தில் ‘டங்’ அடிக்கத் தட்டை எடுத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போனேன். அடுப்படியில் இருந்து அம்மா, "ஏய், தட்ட எடுத்துக்கிட்டு எங்கிட்டுடி போற?"

"நான்தான் இன்னும் தட்டவே இல்லையேம்மா! எப்படித் தெரிஞ்சுச்சு?"

"தட்டு எதுக்கு? அதுக்கு முந்தி ஒன் வளையல் சொல்லுதே!"

அக்கா, நான் கையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன். கரண்டியைத் தூக்கும்போது வளையல் குலுங்குகிறது. குலுங்கிய பிறகுதான் ‘டங்’. வளையலால் தொழில் படுத்தது என்று உனக்கு எழுதியதே நான்தான், இருந்தும் இரண்டு மாதமாகக் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் என் காதில் விழுவதே இல்லை. ஆபீசருக்கு விழுகிறது.

வளையல்களை முழங்கைக்குப் பக்கத்தில் தள்ளி, அப்பாவின் துண்டால் இறுக்கிக் கட்டினேன். இருபது தடவை அடித்தேன். ஆபீசர் ‘டங்’குக்கு முன்பே திரும்பியது இரண்டே தடவை. துண்டை அவிழ்த்துவிட்டு இருபது தடவை. முன்பே திரும்பியது பதினேழு தடவை. பிறகு தட்டே இல்லாமல் வெறும் வளையலைக் குலுக்கினேன். திரும்பியது. தட்டியின் அடியைப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. அந்த ஆட்டின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். செப்டம்பர் 24 அன்று உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நீ எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆகஸ்டில் ஒழுங்காக இருந்தது, செப்டம்பரில் கெட்டது. புது எலி, புது இழை என்று எழுதியிருக்கிறாய். புது வளையலை எழுதவில்லை. விசையை அழுத்த நீ கையை நீட்டும்போது உன் எலிக்கு என்ன கேட்கிறது?

இதையும் ஒரு சேட்டை என்று நீ நினைப்பாய் என்பதால் அப்பாவைச் சாட்சிக்கு உட்கார வைத்தேன். நீ சொல்லாதே என்ற எதையும் சொல்லவில்லை. "ஆடு எத்தனை தடவ திரும்புதுன்னு எண்ணுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

*வனிதா, நான் உக்காந்து எண்ணினேன். இவ சொல்றது நெசம். கட்டினா திரும்பல, அவுத்தா திரும்புது. உடம்பப் பாத்துக்க. – ரெங்கராஜ்*


பெங்களூரு
13.11.2025

சுடர்,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. உன் எழுத்தைப் பார்த்ததும் ஓரமாக வைத்துவிட்டேன். பிறகு அப்பாவின் எழுத்து பின்பக்கம் தெரிந்தது. அப்பா எனக்குக் கடைசியாகக் கையால் எழுதியது ஆறாம் வகுப்பு லீவ் லெட்டர்.

படித்து முடித்ததும் என் கையைப் பார்த்தேன். பன்னிரண்டு பச்சை வளையல். ஆய்வகத்தில் யாராவது ஏதாவது சொல்லப் போகிறார்களே என்று வெள்ளைக் கோட்டின் கைக்குள் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். அதனால் யார் கண்ணிலும் படவில்லை. திரை வெளிச்சத்தைத்தான் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. அதுவும் கண்ணாடி வளையலின் கீச்சு ஒலி. நம் காதுக்கு எட்டாத கீச்சுகூட சுண்டெலிக்கு எட்டும். இதை நான் ஜூனியர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்!

கழற்றவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை. பஞ்சு வைத்து, கை முழுக்க பாண்டேஜ் சுற்றிக்கொண்டேன். பார்த்தவர்கள் எல்லாம் எலி கடித்துவிட்டதா என்று கேட்டார்கள்.

எட்டு எலி. எட்டிலும் முன்பே ஏறிய பச்சையைக் காணோம். சமர்த்தாக ‘பீப்’பில் போய் உட்கார்ந்திருக்கிறது.

பாண்டேஜை அவிழ்த்தேன். மறுபடி அரை விநாடி முன்னால்!

சுடர், என் கணக்கு எதுவும் குப்பை இல்லை. டோபமின் ‘பீப்’போடு நிற்காமல் இன்னும் ஒரு படி பின்னால் நகர்ந்து, சேதிக்கு முந்தின சேதியைப் பிடித்திருக்கிறது. நான் தேடியது என் கையிலேயே இருந்திருக்கிறது. வளையல் ஒலியைப் பதிவு செய்து கணினியில் ஏற்றப் போகிறேன். இனி ஏழு நாள் தூக்கம் கிடையாது.

அவசரத்தில் எழுதுகிறேன். ஆபீசருக்குப் புண்ணாக்கு கொடு. சத்தம் எதுவும் போடாமல், சும்மா கொடு.

அக்கா


பெங்களூரு
22.11.2025

அன்புள்ள சுடர்,

நான்கு பேர் கமிட்டி. அதில் புனேயில் இருந்து வந்திருந்த வெள்ளைத்தலைக்காரர்தான் எல்லாரும் பயப்படுகிற ஆள். படங்களைப் போட்டேன். முதல் படம், சர்க்கரைக்கு ஏறும் பச்சை. அடுத்தது, ‘பீப்’புக்கு. மூன்றாவது, அதற்கும் அரை விநாடி முன்பே. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது கருவிக் கோளாறு" என்றார். "நாங்களும் இரண்டு மாதம் அப்படித்தான் நினைத்தோம்" என்று சொல்லி நான்காவது படத்தைப் போட்டேன். பதிவு செய்த வளையல் ஒலியைக் கணினியே இரண்டு விநாடி முன்னால் எழுப்பினால், பச்சையும் சரியாக இரண்டு விநாடி முன்னால் ஏறுகிறது. ஐந்தாவது படம்: வளையல் ஒலி மட்டும், ‘பீப்’பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ‘பீப்’ வர வேண்டிய அதே கணத்தில் ஒரு பள்ளம். ஆபீசரின் முகம்.

அவர் கேட்டார், "எந்த வளையல்?"

கோட்டின் கையை மேலே ஏற்றி, கையைத் தூக்கிக் குலுக்கினேன். மேடம் சொன்னார்: "மெதுவாக, வனிதா. பக்கத்து அறையில் எட்டு பேருக்குப் பசி எடுத்துவிடும்." வெள்ளைத்தலைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும்.

தலைப்பை மாற்ற வேண்டாம். உதவித்தொகை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிப்பு. "யார் கண்டுபிடித்தது?" என்று அவர் கேட்டதற்கு, "அரிமளத்தில் பிளஸ் ஒன் படிக்கும் என் தங்கை" என்றேன். "முறை?" "ஓர் ஆடு, ஒரு தட்டு, ஒரு சாட்சி." எழுதிக்கொண்டார், விளையாட்டு இல்லை, நிஜமாகவே எழுதிக்கொண்டார்.

நேற்று ஒரு மெயில் வந்தது. ஜனவரியில் புனேயில் நடக்கும் கருத்தரங்கில் பேச அழைப்பு. அனுப்புநர் முகவரியை மூன்று தடவை பார்த்தேன், போன் பண்ணிக் கேட்டேன். அப்புறம்தான் மைசூர்பாகு வாங்கினேன். கட்டுரை அச்சாகும்போது நன்றி என்ற இடத்தில் இரண்டு பெயர் வரும்: ர. சுடர்விழி, ஆபீசர்.

கமிட்டி முடிந்த அன்றே அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. "நீ சொல்லு, நான் கடைக்குப் போயிட்டே கேக்குறேன்" என்றார்.

உன்னை அன்பிளாக் பண்ணிவிட்டேன். அந்தச் செப்டம்பர் நாள் இன்னும் வலிக்கிறது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது உன் பெயரைப் பார்த்தால் பல் கடிக்கவில்லை. புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது.

இனி போன் பண்ணு.

அக்கா


அரிமளம்
29.11.2025, சனி

அன்புள்ள அக்கா,

நீ பாஸ் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தும், நீட்டிப்பும் புனேயும் ஒரே கடிதத்தில் வந்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பழிக்குப் பழி வாங்குகிறாய் என்று! அனுப்பிய ஊரின் முத்திரையைப் பார்த்தேன், உன் கையெழுத்தைப் பழைய கடிதத்தோடு வைத்துப் பார்த்தேன். கடைசியில் மறுபடி அப்பாவிடம் போய், "அக்கா பாஸானது நெசமாப்பா?" என்றேன். "நெசம் இல்லாமயா அஞ்சு நாளா வீட்டு டீய குடிக்காம இருக்கேன்" என்றார்.

டீக்கடைக்கு நானும் ஒரு நாள் பின்னாலேயே போனேன். "பெங்களூருல எலிக்கு முன்கூட்டியே தெரியுதுன்னு எம்பெரிய பொண்ணு கண்டுபிடிச்சிருக்கு. ஏன் தெரியுதுன்னு எஞ்சின்ன பொண்ணு கண்டுபிடிச்சிருக்கு. எண்ணினது நான்" என்கிறார். கடைக்கார உடையப்பன் மாமா, "அப்ப ஆடு?" என்று கேட்டார். "அதான் தலைமை" என்றார் அப்பா. ஆபீசரை இனி விற்க மாட்டாராம். அதுவும் அறிவிப்பாகிவிட்டது.

நமக்கு மருமகள் பிறந்த செய்தி உனக்கு வந்திருக்கும். புதன்கிழமை, திருச்சி ஆஸ்பத்திரியில். மூன்று கிலோ. அண்ணி நன்றாக இருக்கிறார். கீரனூரில் பஸ் மாறி நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். நான் பக்கத்தில் போய்க் கையை நீட்டியதும் பிள்ளை கண்ணைத் திறந்தது. அண்ணி சொன்னார்: "ஏழு மாசத்துல இருந்து என் வளையல் சத்தத்த வயித்துக்குள்ளயே கேட்டுக்கிட்டு இருந்தவ. நீ சேட்டை பண்ண முடியாது சுடரு." ஒரு ஆள் கூடிவிட்டது எனக்கு எதிராக.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முன்னால் வளையலைக் கழற்றினேன். ஒன்றுகூட உடையவில்லை. கை லேசாகிவிட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணன் ரசத்தில் சர்க்கரை. யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. இரண்டரை மாதத்தில் முதல் வெற்றி! அண்ணன் துப்பிய சத்தம் மட்டும்தான் தெருவரை கேட்டது. ஆனால் மெயில் பக்கம் இனி போக மாட்டேன் அக்கா. உப்பு, சர்க்கரை, செருப்பு, அவ்வளவுதான் என் எல்லை. ஒருத்தர் நாலு வருடமாகக் காத்திருக்கிற விஷயத்தில் கை வைக்க மாட்டேன்.

இனி போனில் பேசச் சொல்கிறாய். பேசுவோம். நேற்றே நாற்பது நிமிடம் பேசினோம். ஆனால் இன்று மத்தியானம் ஒன்று நடந்தது. தெருமுனையில் சிவசாமி அண்ணனின் மட்கார்டு கடகடவென்று கேட்டது. நான் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஓடிய பிறகுதான், இனி உன் கடிதம் எதற்கு வரப்போகிறது என்று ஞாபகம் வந்தது. "இன்னைக்கு ஒன்னும் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனார். போனில் உன் பெயர் இருக்கிறது, நீ பேசுகிறாய், கோபம் இல்லை, எல்லாம் இருக்கிறது. இருந்தாலும் ஒரு பள்ளம். நீ அளந்த அதே பள்ளம். கண்ணாடி இழை இல்லாமலேயே தெரிந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். போனில் பேசு. புனேயில் ஜெயித்துவிட்டு வா. நடுவில் எனக்கு ஒரு கடிதமும் போடு.

எப்போது போடுவாய் என்று மட்டும் சொல்லிவிடாதே.

சுடர்விழி